கட்டைவிரலுக்குத் தெரியட்டும்!

சமையலறையில் உப்பு ஜாடி எது, சர்க்கரை ஜாடி எது என்று நாம் பார்த்துப் பார்த்தா எடுக்கிறோம்? கை தானாகப் போகிறது. ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கு வண்டியின் ஹேண்டில்பாரும் அப்படிப் பழகியிருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குனிந்து பொத்தானைத் தேட நேரம் ஏது?

அந்தக் காலத்து ஸ்கூட்டரில் இடது கையில் கிளட்ச்சையும் கியரையும் சேர்த்துத் திருக வேண்டும், வலது காலில் பிரேக், ஸ்டார்ட் செய்ய உதை வேறு! 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா கியரை ஒழித்து, பொத்தானை அழுத்தினால் கிளம்பும்படி செய்தது. பெண்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் வேலை எளிதானதால் கவனம் குறைந்துவிடக் கூடாது அல்லவா?

முதலில் இண்டிகேட்டர். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இது தானாக அணையாது. திரும்பிய பிறகும் மினுக்கிக்கொண்டே போனால், பின்னால் வரும் பஸ்காரர், "இந்தம்மா திரும்பப் போறாங்க" என்று நினைத்து முந்துவார். விபத்துக்கு அது போதும். திரும்பி முடித்ததும் கட்டைவிரல் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தி அணைப்பது பழக்கமாகட்டும். மீட்டரில் பச்சை விளக்கு மினுக்குகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அங்கேயே நீல விளக்கு எரிந்தால், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும் ஹை பீம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே தாழ்த்துங்கள்.

சில வண்டிகளில் ஹாரன் மேலே, இண்டிகேட்டர் கீழே, சிலவற்றில் தலைகீழ். தங்கை வண்டியையோ கணவர் வண்டியையோ எடுக்கும் நாளில் கிளம்புமுன் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரேக். விரல் எட்டவில்லை என்றாலும், பிடித்தால் கைப்பிடி வரை தளர்ந்து வந்தாலும், "போகட்டும், பழகிடும்" என்று விடாதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி உங்கள் கைக்குத் தக்கபடி சரிசெய்யச் சொல்லுங்கள். நம் உயிர் அந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமான ஒன்று. பள்ளி வாசலில் என்ஜின் ஓட, குழந்தையை முன்னால் நிற்கவைத்துவிட்டு இறங்கிப் பேசுவது வேண்டவே வேண்டாம். குழந்தை விளையாட்டாக வலது கைப்பிடியைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும். அதுதான் ஆக்ஸிலரேட்டர்! முதலில் சாவியை அணைத்துக் கையில் எடுங்கள், குழந்தையை இறக்குங்கள், பிறகு நீங்கள் இறங்குங்கள். ஏறும்போது இதற்கு நேர்மாறாக, சாவி கடைசியில்.

பழக ஒரு சுலப வழி. சாவி போடாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். "ஹாரன்!", "இடது இண்டிகேட்டர்!" என்று பெரிய பிள்ளையைச் சொல்லச் சொல்லி விரலால் தொட்டுக் காட்டுங்கள். அம்மாவுக்குப் பரீட்சை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தானே! தினம் ஐந்து நிமிஷம், ஒரு வாரம் செய்யுங்கள். பிறகு கண் சாலையில் இருக்கும், விரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.