வெள்ளத்துக்கு வழிவிடாத மனைகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். இப்படிப் பெய்தால் எந்த ஊர்தான் தாங்கும் என்று கேட்பது நியாயமே. மழை அல்லாஹ்வின் நாட்டம், அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் மழை நின்ற பிறகும் தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றதே, அது ஏன்? கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நீர் அங்கே போய்ச் சேர முடியவில்லை. நகரம் ஏறக்குறையச் சமதளம். மேற்கே கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த வெள்ளத்துக்கு வழியில் சாலை மேடுகளும் மனைப்பிரிவுகளும் குறுகிய வடிகால்களும்தான் எதிர்ப்பட்டன. மழையின் அளவு நம் கையில் இல்லை; அது எந்தத் தெருவில் தேங்கும் என்பதைப் பெரும்பாலும் மனைப்பிரிவு வரைபடமே முடிவு செய்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகரிலும் இதைப் பார்த்தோம். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் வளர்ந்த ஊர் அது. ஒரே இரவில் மேலே இருந்த இரண்டு அணைகளும் உடைந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

விளாத்திகுளத்துக்காரர்களுக்குக் காய்ந்த ஆறு புதிதல்ல. நம் வைப்பாற்றில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலத்தைப் பார்த்த நாட்களே அதிகம். ஆறு காய்ந்து கிடப்பதாலேயே அது ஆறு என்பது மறந்துபோகிறது. கண்மாய்க்கு நீர் வரும் ஓடையும் அப்படித்தான். பத்து வருடம் வறண்டால் அது வெறும் பள்ளம், மண்ணடித்து நிரவினால் மனை.

ஃபிக்ஹில் 'ஹரீம்' என்றொரு பாடம் உண்டு. கிணறு, ஆறு போன்றவற்றை ஒட்டி, அவற்றின் பயன்பாட்டுக்குத் தேவையான நிலத்தை எவரும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது. ஆற்றின் ஹரீமில் கட்டியது பள்ளிவாசலே ஆனாலும் இடிக்கப்பட வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் கண்டிப்பாகச் சொல்கின்றன. மத்ரஸாவில் இதை நில உரிமைப் பாடமாக ஓதினோம். 2023க்குப் பிறகு இதை வெள்ளப் பாதுகாப்புப் பாடமாகவும் ஓதலாம்.

வெள்ளம் வந்தால் நம் ஜமாஅத்துகள் சும்மா இருப்பதில்லை. அன்று செய்துங்கநல்லூர் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்கும் கதவைத் திறந்து தங்க இடம் கொடுத்தது. மாஷா அல்லாஹ். ஆனால் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியாகும்போது யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாமே, அந்த மனுவை எழுத எத்தனை முஹல்லாக்களில் ஆள் இருக்கிறது? நிவாரண நிதிக்கு ரசீது அடிக்கும் வேகம் இதிலும் வேண்டும்.

மனை வாங்கும் குடும்பங்களுக்கு அவசரமான வேலை ஒன்று உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் அந்த சர்வே எண்ணின் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று ஒரு சொல் தென்பட்டாலும் விலகிவிடுங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு கொண்டுவந்த விதிகளிலும் நீர்நிலையில் அமைந்த மனைக்கு இடமில்லை. நகையை விற்றும் தவணை கட்டியும் வாங்கிய மனை அப்படிப்பட்டதாக இருந்தால், பத்திரம் கையில் இருந்தும் ஒழுங்கான கட்டட அனுமதி கிடைக்காது. பெருமழை வரும்போது முதலில் தண்ணீர் ஏறுவதும் அந்த வீட்டில்தான்.