பொறியும் பெண்மக்களும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் பெரியதோர் இரயில்வே பணிமனை உளது. நாகப்பட்டினத்தில் நடைபெற்று வந்த அப்பணிமனை 1928 அளவில் இங்குப் பெயர்ந்தது. நீலகிரி மலையேறும் வண்டிக்குரிய நீராவி எஞ்சின்களும் இங்கே புதியனவாகக் கட்டப்பெற்றுள்ளன. இதன் அருகே வளரும் சிறுவன், தானும் எஞ்சின் செய்வோனாகலாம் என்று எண்ணுதல் இயல்பு. அவனுடன் பிறந்தவளுக்கும் அவ்வெண்ணம் எழலாம். பல இல்லங்களில் அது முளைக்குமுன்பே கிள்ளப்படுகின்றது.

‘சம்மட்டி தூக்கும் வேலை பெண்ணுக்கு எதற்கு?’ என்பர். வயலில் நாற்று நட்டும், கட்டடத்தில் கல் சுமந்தும் உழைக்கும் பெண்களைக் கண்ட பின்னும் இங்ஙனம் கூறுதல் வியப்பே. மேலும், பொறியியலுக்கு முதற்கண் வேண்டுவது தோள்வலி அன்று. அளவறிதலும் காரணம் காண்டலுமே. ‘பொறி’ என்னும் சொல் இயந்திரத்தையும், கண், செவி முதலிய ஐம்பொறிகளையும் குறித்தல் ஈண்டு நினையத்தக்கது. அவ்வைம்பொறிகள் இருபாலார்க்கும் ஒத்தனவே அல்லவோ?

பணிமனை வாயில் பெண்ணுக்குத் திறந்தால் விளைவது யாது என்பதற்கு லலிதா அம்மையாரின் வாழ்க்கையே சான்று. சென்னையில் 1919-இல் பிறந்த அவர், பதினெட்டாம் வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். அக்காலத்தில் கைம்பெண்ணுக்கு வீட்டின் உள்ளறையே உலகம். கிண்டி பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய தந்தையாரோ மகளை அக்கல்லூரியிலேயே சேர்ப்பித்தார். அம்மையார் மின்பொறியியல் கற்று 1943-இல் படிப்பை முடித்தார். பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சியும் பெற்றார். பட்டச்சான்றில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல்லை எழுத நேர்ந்தது! பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பணிகளிலும் அவர் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிற்கும் சென்று வந்தார்.

இன்று கல்லூரிக் கதவுகள் திறந்துள்ளன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. எஞ்சிய குறை வீட்டில் உள்ளது. மின்விசிறி பழுதுற்றால் மகன் திருப்புளி எடுக்கின்றான். மகள் விளக்குப் பிடிக்கின்றாள். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுத் திருப்புளியை அவள் கையில் கொடுத்தலே ஊக்கம். மேடையில் பெண்மையைப் புகழ்தல் அன்று.

பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டியின் சங்கிலி கழன்றால், மாணவி தமையன் வரவுக்குக் காத்திராது தானே மாட்டட்டும். மாட்டும்போதே முன்னுள்ள பற்சக்கரத்தின் பற்களையும் பின்னுள்ளதன் பற்களையும் எண்ணட்டும். மிதிகட்டை ஒருமுறை சுழலப் பின்சக்கரம் எத்தனை முறை சுழலும் என்பது அவ்விரண்டு எண்களைக் கொண்டே புலப்படும்.