சாக்குத் தக்காளியும் சொந்தக் காணியும்

பன்னிரண்டு பரப்பில் வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரனுக்கு உரச்சாக்கில் தக்காளி நடக் கற்றுக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் எழும்பியவர்களில் பெரும்பகுதியினர் மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் தக்காளியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. சாக்கைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

தோட்டத்தில் தக்காளி வேர் தன் தேவைக்கு ஆழம் தேடிப் போகும். சாக்கில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே ஓரடி ஆழமாவது மண் வேண்டும். 50 கிலோ உரச்சாக்கை வெளிப்புறமாக மடித்துப் பாதியளவு நிரப்பினால் ஒரு கன்றுக்குப் போதும். இரண்டு கன்று வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைத்தால் இரண்டும் மெலியும். மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலக்கலாம். செம்மண் தனியே என்றால் சாக்கில் இறுகிவிடும். அடியிலும் அடிப்பக்கத்திலும் துளைகள் அவசியம். கிருமிநாசினி வந்த கானையோ வாளியையோ எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம்.

மண் எடுக்கும் இடத்தையும் விசாரியுங்கள். கத்தரியோ மிளகாயோ பச்சையாக நின்றபடியே வாடிச் செத்த இடத்து மண்ணில் அதே பற்றீரியா இருக்கும், தக்காளியையும் விடாது. விவசாயத் திணைக்களத்தின் ‘திலினா’ இனம் இந்த வாடலை ஓரளவு தாங்கும். இலை சுருண்டு மஞ்சளித்த கன்றைப் பார்த்துப் பரிதாபப்படாமல் பிடுங்கி எரித்துவிடுவது நல்லது. வெண் ஈ அதை அயல் குடிசைக் கன்றுகளுக்கும் கொண்டுபோகும்.

கார்த்திகையில் நாற்றுப் போட்டு, மார்கழியில் மழை தணிய நட்டால் மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். பிந்தி நட்டால் இரவு வெக்கையில் பூ கொட்டும். அதற்குப் பசளையைக் குறைசொல்லிப் பயனில்லை. காய்க்கும் காலத்தில் தண்ணீர் ஒருநாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் போனால் காயின் அடி கறுத்து அழுகும். தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் இடங்களில் இதுதான் பெரிய தொல்லை. அரிசி கழுவிய தண்ணீரை இதற்கென்று ஒதுக்கினால், சிறிதாயினும் நாள்தோறும் ஊற்றலாம்.

இனி என் கருத்து. ஆறு சாக்கில் தக்காளி நட்ட குடும்பத்துக்குச் சொதிக்கும் சம்பலுக்கும் பழம் கிடைக்கும். பிள்ளைகளின் கோப்பையில் சோற்றோடு இன்னொன்று சேரும். அதற்காகவே நான் நடச் சொல்கிறேன். ஆனால் அந்த ஆறு சாக்கைப் படம் பிடித்து ‘வாழ்வாதாரம் வழங்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதுவதை ஏற்க முடியாது. அதைக் காட்டி உலருணவை வெட்டுவதும், காணியை விடுவதற்கு இன்னும் தவணை சொல்வதும் அநியாயம். வலிகாமம் வடக்கில் 30 ஆண்டு கழிந்தும் விடுபடாத காணிகள் இருக்கின்றன. சாக்கு அவற்றுக்கு ஈடல்ல என்பதை அறிக்கை எழுதுபவரிடம் நாமே சொல்ல வேண்டும்.

சாக்கென்றால் போகுமிடமெல்லாம் கொண்டு போகலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நனைந்த மண்ணோடு 30 கிலோவுக்கு மேல் வரும் சாக்கை அவர்கள் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்! கொண்டு போகக்கூடியது விதைதான். கலப்பின விதையில் வந்த பழத்தை விதைக்கு வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது. மற்ற இனங்களில் நோயற்ற கன்றின் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு கடதாசியில் மடித்து, குடும்ப அட்டை வைத்திருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.