வலி போனதும் மாத்திரையை நிறுத்திடுறீங்களா? 'யூரிக் ஆசிட்' பிரச்னையில் பலர் செய்யும் தவறு!

ராத்திரி நல்லாத்தான் படுத்திருப்பார். விடியறதுக்குள் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. ரத்தப் பரிசோதனையில் 'யூரிக் ஆசிட் அதிகம்' என்று வரும். ஒரு வாரம் மாத்திரை போட்டதும் வலி போய்விடும். "சரியாப் போச்சு" என்று மிச்ச மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவார். சில மாதத்தில் மறுபடியும் அதே வலி!

'கவுட்' எனப்படும் இந்த மூட்டு நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

பியூரின் என்ற பொருள் உடலில் சிதையும்போது உருவாகும் கழிவுதான் யூரிக் அமிலம். இதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியலாம். வலி நின்றாலும் படிகம் அங்கேயேதான் இருக்கும். அளவு அதிகமாக இருக்கும் எல்லோருக்கும் கவுட் வருவதில்லை என்பதும் உண்மை.

இரண்டு மாத்திரை, இரண்டு வேலை

கோல்சிசின், வலி நிவாரணிகள், ஸ்டீராய்டு ஆகியவை வீக்கத்தை அடக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதைக் குறைப்பவை அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்றவை. அடிக்கடி வலி வருபவர்களுக்கு இவை நீண்ட காலம் தேவைப்படும். அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் சொல்லும் இலக்கு, 6 மில்லிகிராமுக்குக் கீழே.

இங்கேதான் சிக்கல். அலோபியூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களில், படிகம் கரையும்போது வலி மீண்டும் வரலாம். "மாத்திரையாலதான் அதிகமாச்சு" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் 3 முதல் 6 மாதம் வரை கோல்சிசின் போன்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால், அலோபியூரினால் எடுக்கும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பருப்பு, கீரை சாப்பிடக் கூடாதா?

நம்ம வீடுகளில் முதலில் நிறுத்துவது பருப்பைத்தான். ஆனால் பருப்பு, கீரை, காளான் போன்ற தாவர உணவுகள் கவுட் வாய்ப்பை அதிகரிப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. குறைக்க வேண்டியவை: ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, பீர் உள்ளிட்ட மது, இனிப்பு குளிர்பானங்கள். கொழுப்பு நீக்கிய பால், தயிர் நல்லது. சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் உணவு, தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

ஆனால் பத்தியம் மட்டும் போதாது. யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. கடுமையாகக் கட்டுப்பாடு இருந்தாலும் அளவு சுமார் 1 மில்லிகிராம்தான் குறையும். 9-ல் இருப்பவர் 8-க்கு வருவார். இலக்கோ 6! எனவே, "வாயைக் கட்டலை, அதான் வந்துச்சு" என்று நோயாளியைத் திட்டுவதில் நியாயமில்லை.

கவனிக்க வேண்டியவை

* கடும் வலியின்போது அளவு நார்மலாகக் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவும்.
* பிரஷருக்குத் தரப்படும் சில நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* வீக்கத்துடன் காய்ச்சலும் இருந்தால், அது மூட்டுத் தொற்றாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "வலி போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "என் அளவு 6-க்குக் கீழே வந்துடுச்சா?" என்று கேளுங்கள்.