மறுபடி பள்ளிக்கூடம் போகும் பிள்ளை

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல.

கொரோனா நோயை முன்னிட்டு 2020 மார்ச் மாதத்தில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. 19 மாதங்களுக்கு மேல் இடைவெளி! மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. வகுப்பு ஏறியது, எழுத்து ஏறவில்லை. அதை உணர்ந்துதான் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி, மாலை வேளையில் வீட்டருகிலேயே தன்னார்வலர்களைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தது.

அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் பள்ளியை விட்டு நின்று திரும்பும் பிள்ளைகள் இன்றும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலை உள்ள வட்டாரங்களில் கரும்பு வெட்டக் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் உண்டு. வெட்டு முடியும் வரை பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். பிறகு சொந்த ஊர்ப் பள்ளிக்கு அது திரும்பும்போது என்ன நடக்கிறது?

"இத்தனை நாள் எங்கேடா போனே?" என்று வகுப்பு முழுவதும் கேட்க ஒரு கேள்வி. பக்கத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது. அடுத்த வாரம் அது ஆடு மேய்க்கிறது. படிப்பைக் கெடுத்தது வறுமை மட்டுமா? அந்த ஒரு கேள்விக்கும் அதில் பங்குண்டு.

இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தைத் தனியே கற்பிக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இது சலுகை அல்ல, உரிமை. முதல் வாரத்தில் உபாத்தியாயர் பரீட்சை வைக்க வேண்டாம். பெயர் சொல்லி அழைத்து, கூட ஒரு நல்ல தோழனை உட்கார வைத்தால் போதும்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையை நேரத்தோடு தூங்கப் பழக்க வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஓடும் சாலையில், முதல் சில நாட்களாவது பெரியவர் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். பாரவண்டியின் பின்னால் ஓடிக் கரும்பு உருவும் விளையாட்டு உயிருக்கே உலையாகும் என்பதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பெண் குழந்தையை வீட்டில் நிறுத்துவது பெரிய அநீதி.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இன்று காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் கிடைக்கின்றன. புத்தகமும் இலவசம். இவ்வளவும் தந்த பிறகு ஒரு கடுஞ்சொல்லால் பிள்ளையை இழக்கலாமா? திரும்பி வரும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "சாப்பிட்டாயா?" என்பதுதான். பாடத்தைப் பிறகு கேட்கலாம்.