தியானம்: ஓய்வன்று, உழைப்பு

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகளின் பொதுப் பேரவை, ஆண்டுதோறும் டிசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாகக் கொண்டாட முடிவெடுத்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயின், அச்சொல்லுக்கு இன்று தரப்படும் விளக்கங்கள் மகிழ்ச்சி அளிப்பனவாக இல்லை. “கண்ணை மூடு, எதையும் நினையாதே, மனத்தைக் காலியாக்கு, களைப்பு நீங்கும், வேலையில் திறன் கூடும்” என்று சுவரொட்டிகளும் கைபேசிச் செயலிகளும் முழங்குகின்றன. ஆண்டுத் தியானம் முடித்துத் திரும்பும் நம்மவரைக் கேட்டாலும், “நல்ல ஓய்வு கிடைத்தது” என்னும் விடையே பலகாலும் வருகிறது. இதனினும் பெரிய அநீதியை ஒரு சொல்லுக்கு இழைக்க இயலாது. தியானம் மனத்தின் விடுமுறையன்று, மனத்தின் உழைப்பு. அச்சொல்லின் பிறப்பும் பயணமும் இதற்குச் சான்று.

வடமொழியில் ‘த்யை’ என்பது வினையடி. எண்ணுதல், உள்ளத்தில் நிறுத்தி நோக்குதல் என்பன அதன் பொருள். ‘தீ’ என்னும் வேதகாலச் சொல் இதற்கு உறவானது. அது நெருப்பைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லன்று. எண்ணம், அகக்காட்சி எனப் பொருள்படுவது. ஆக, தியானம் என்னும் சொல்லின் கருவிலேயே நினைத்தல் இருக்கிறது. நினையாமையைத் தியானம் என்பது, நடவாமையைப் பயணம் என்பதை ஒக்கும்.

பதஞ்சலியின் யோக சூத்திரமும் வேறு கூறவில்லை. ஒரு பொருளின்மேல் எண்ணம் இடையறாது ஓடுவதே அந்நூலின்படி தியானம். திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமானுசர் இதற்கு எண்ணெய் ஒழுக்கை உவமை காட்டினார். நீர் சொட்டுச் சொட்டாக விழலாம். எண்ணெயோ அறுபடாத ஒற்றை இழையாய் இறங்கும். வெற்றுப் பாத்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகுவதில்லை என்பதை ஈண்டு நினைவூட்ட வேண்டுமோ?

இச்சொல் பாலி மொழியில் ‘ஜான’ என வழங்கிற்று. புத்தர் தம் உடலை வருத்திய கடுந்தவத்தால் பயன் காணாது தளர்ந்த வேளையில், இளமை நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்ந்தார் என்கிறது பாலி மறைநூல். தந்தை தம் பணியில் ஈடுபட்டிருக்க, நாவல் மர நிழலில் அமர்ந்திருந்த சிறுவனின் உள்ளம் தானாகவே முதல் தியான நிலையை எய்தியதாம். அந்த முதல் நிலையின் உறுப்புகளாகச் சொல்லப்படுவன யாவை? எண்ணத்தை ஒன்றில் செலுத்துதல், அதனை அங்கேயே நிலைநிறுத்துதல், உவகை, இன்பம் ஆகியனவே. அடுத்த நிலையில் எண்ணங்கள் அடங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் நான்காம் நிலையிலும் எஞ்சுவது வெறுமையன்று. நடுநிலையால் தூய்மையுற்ற விழிப்பே.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோசர், இச்சொல்லுக்கு இரு பொருள் உரைத்தார். பொருளை ஊன்றி நோக்குவது ஒன்று. பகையானவற்றை எரிப்பது மற்றொன்று. எண்ணுதலும் எரிதலும் பாலியில் ஒரே வடிவம் பெற்றமையால் விளைந்த நயம் இது. பேராசையையும் வெறுப்பையும் எரிக்காத தியானம் அவர் கணக்கில் தியானமாகாது. இன்றைய விளம்பரங்களில் எரிக்கப்படுவது எதுவுமில்லை. மின்விசிறிக் காற்று மட்டுமே வீசுகிறது.

சீனத்தில் இச்சொல் ‘சான்’ எனச் சுருங்கிற்று. சப்பானில் ‘ஜென்’ ஆயிற்று. இங்கே நம்மவர் சிலர் குறுக்கிட்டு, “அதைக் கொடுத்தவர் எங்கள் காஞ்சியின் போதிதர்மர்!” என மார்தட்டுவர். 2011இல் வெளியான ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்திற்குப் பின் இக்குரல் ஓங்கியுள்ளது. போதிதர்மர் தென்னிந்தியர் என்பது 7ஆம் நூற்றாண்டுச் சீன நூலின் கூற்று. அவருக்கு மிக அண்மைக் காலத்ததான 547ஆம் ஆண்டளவிலான குறிப்போ அவரைப் பாரசீகர் என்கிறது. அது நிற்க. பார்த்தியா நாட்டுத் துறவி ஆன் ஷிகாவ் 148ஆம் ஆண்டிலேயே லோயாங் நகருக்கு வந்து தியான நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். போதிதர்மருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட செய்தி இது. சொல்லுக்குச் சொந்தம் கொண்டாடுவோர், அச்சொல் கேட்கும் உழைப்பைக் கொண்டாடுவதில்லை.

இச்சொல்லின் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய கசப்பான பாடமும் உண்டு. ஜென் துறவியான பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூல், சப்பானின் ஆக்கிரமிப்புப் போர்களை ஜென் ஆசிரியர் பலர் ஆதரித்ததை வெளிக்கொணர்ந்தது. அசையாத மனம் படைவீரனுக்கும் பயன்படும் என்று அவர்கள் கற்பித்தனர். சோட்டோ பிரிவினர் 1992லும், ரின்சாய் பிரிவின் மியோஷின்ஜி மடத்தார் 2001லும் தம் கடந்த காலத்திற்காக மன்னிப்பு வேண்டினர். அறத்தினின்று அறுத்தெடுத்த ஒருமுகப்பாடு வெறும் திறமையே. குறிபார்த்துச் சுடுபவனுக்கும் அது உண்டு. பூட்டை உடைப்பவனுக்கும் உண்டு. பதஞ்சலி எட்டு உறுப்புகளில் தியானத்தை ஏழாவதாகவும், கொல்லாமையும் வாய்மையும் அடங்கிய இயமத்தை முதலாவதாகவும் வைத்தது காரணமின்றி அன்று. அந்த ஏழாம் படியை மட்டும் பெயர்த்தெடுத்து அலுவலகங்களில் விற்பவர்கள், ஏணியின் கீழ்ப்படிகளை விறகாக்கிவிட்டனர்.

“நோயாளிக்கு ஆறுதல் தந்தால் போதாதா? சொல்லாராய்ச்சி எதற்கு?” என்று ஒருவர் வினவலாம். ஆறுதல் நல்லது, அதனை எவரும் மறுக்க வேண்டா. ஆறுதலை ஆறுதல் என்றே அழைப்போம். தியானம் என்னும் பெயரை அதற்கே முற்றூட்டாகக் கொடுத்துவிட்டால், வேறொன்றைக் குறிக்க நம்மிடம் சொல் இராது. தன்னை மறந்து, தனக்கு வெளியே உள்ள உண்மையைக் கண் இமையாது நோக்கும் அந்தச் செயலுக்கு என்ன பெயரிடுவோம்? பெயர் இழந்தது விரைவில் வழக்கமும் இழக்கும்.

இறுதியாக, பௌத்த விநய நூல் காட்டும் ஒரு காட்சி. வயிற்றுப்போக்கால் துன்புற்ற துறவி ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். உடன் உறைந்தோர் எவரும் அவரைக் கவனிக்கவில்லை. அவ்வழி வந்த புத்தர் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குச் செய்யட்டும் எனப் புத்தர் பின்னர்ப் பணித்தார். தியானம் கற்பிக்கப்பட்ட அதே மடத்தில், அடுத்த அறையின் முனகல் எவர் காதிலும் விழவில்லை. கற்பித்தவரின் காதில் விழுந்தது. தியானித்தவர் யார் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.