உதிரப்பட்டியும் ஓய்வூதியப் படிவமும்

ஆண்டுதோறும் ஜூன் 17 அன்று செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலைக்கு மாலை விழுகிறது. மாலை வாடுவதற்குள் எழுத்துலகில் இன்னொரு சடங்கு தொடங்கிவிடும். ஒரு தரப்பார் வீரவணக்கக் கட்டுரை எழுதுவர். மறு தரப்பார் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் சனாதனம் பேசப்படுவதையும் ஆங்கிலேய மன்னரைச் சாதி சொல்லி இழித்திருப்பதையும் சுட்டுவர். பிறகு இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வசை பாடுவர். பத்து நாளில் ஓய்ந்துவிடும். அடுத்த ஜூன் வரை செங்கோட்டை குற்றாலத்துக்குப் போகும் வழியில் ஓர் ஊர், அவ்வளவே.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து கேட்ட கேள்வி இந்தச் சடங்கில் எங்கும் இடம்பெறாதது. "அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சா சார்?" ஆகியிருந்தது, மனைவி பெயர் பொன்னம்மாள் என்றோம். "அப்போ அதுக்கப்புறம் அவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?" இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

1911 ஜூன் 17 காலை, மணியாச்சி இரயில் சந்திப்பில் நின்ற முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தம் மனைவி மேரியுடன் அமர்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பயணம். பெட்டிக்குள் ஏறிய வாஞ்சி ஆஷைச் சுட்டார். பின் நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். அந்த ஒரு காலையில் இரண்டு பெண்கள் கைம்பெண்கள் ஆயினர். ஒருவர் கணவரின் எதிரிலேயே அமர்ந்திருந்தார். மற்றவர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், செய்தி வந்து சேரும்வரை சுமங்கலியாக இருந்தார்.

வரலாற்று நூல்கள் அந்த இரு துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்கு இந்த இரு பெண்களைப் பற்றி எழுதியிருந்தால் போதும், நாம் இதை எழுத வேண்டியிருக்காது.

மேரிக்கு நேர்ந்த துயரத்தைச் சிறிதாக்குவது நம் நோக்கமன்று. கண்முன்னே கணவன் சாய்வதைக் கண்ட பெண்ணின் துயரத்துக்குத் தேசம் ஏது? ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இந்தியன் சிவில் சர்வீஸ் அதிகாரி இறந்தால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் தரும் ஏற்பாடு விதிமுறைகளோடு அன்றே இருந்தது. அரசாங்கத்தின் பேரேட்டில் அந்தக் கைம்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. பொன்னம்மாளுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு கட்டமும் இல்லை. கொலையாளியின் மனைவி என்பது ஓர் உறவு, ஒரு பழி. அது தகுதி ஆகாது. போலீஸ் விசாரணையில் அவர் ஒரு வீட்டு முகவரி.

போதாக்குறைக்கு, பிராமணக் கைம்பெண்ணின் 1911 எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தின் முதல் பிராமண விதவைப் பட்டதாரியான சகோதரி சுப்புலட்சுமி பி.ஏ. தேறியது அந்த ஆண்டில்தான். அது செய்தியாகத் தக்க அதிசயமாக இருந்தது என்றால், மற்ற ஆயிரக்கணக்கானோர் மழித்த தலையும் அடுக்களை மூலையுமாக எப்படி வாழ்ந்தனர் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொன்னம்மாள் பற்றி மேடைகளில் சொல்லப்படும் உருக்கமான கதைகளை இங்கே நாம் எடுத்தாளப் போவதில்லை. அவரை உருக்கத்துக்குப் பயன்படுத்தியது போதும். 'விதவை'யில் பொட்டில்லை, 'கைம்பெண்'ணில் இரண்டு பொட்டு உண்டு என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது நம் மேடைகளின் வழக்கம். சொல்லுக்குப் பொட்டு வைத்தோம். சோற்றுக்கு என்ன வைத்தோம்?

நம் மரபில் இதற்கு ஒரு சொல் இருந்தது: உதிரப்பட்டி. போரிலோ, ஆநிரை மீட்கும் பூசலிலோ பட்ட வீரனுக்குக் கல் நட்டதோடு நில்லாமல், அவன் குடும்பத்துக்கு நிலம் விட்டுக் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தனர். அந்த நிலமே உதிரப்பட்டி. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுக்கிறது. காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடியும் அந்த ஆறிலும் வீட்டில் இருப்பவர்களுக்கு இடமில்லை. இலக்கணம் மறந்ததைக் கல்வெட்டு மறக்கவில்லை. புறநானூற்றிலோ, கைம்மை உணவை வெறுத்துத் தீப்புகும் பெருங்கோப்பெண்டைப் பாடமாக வைத்து ஆண்டாண்டாக வியக்கிறோம். அந்த வியப்பும் ஒருவகையில் வசதியானதே. தீயில் புகுந்தவளுக்கு மறுநாள் அரிசி வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் நம் அரசுகள் உதிரப்பட்டி தரவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1966 முதல் தியாகிகள் ஓய்வூதியம் உண்டு. மைய அரசின் திட்டம், விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கே என்றிருந்த வரம்பு 1980-ல் நீக்கப்பட்டது. 1911-ல் இருபது வயதில் கணவனை இழந்த ஒருத்தி 1972-ல் உயிரோடிருந்தால் அவளுக்கு வயது எண்பத்தொன்று. அறுபத்தொரு ஆண்டுகள் கழித்து வரும் உதிரப்பட்டியை வாங்கக் கை இருக்க வேண்டுமே.

காலம் கடந்ததை மன்னித்துவிடலாம். படிவத்தை மன்னிக்க முடியவில்லை. மையத் திட்டத்தின் பொது விதி குறைந்தது ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சான்று? சிறைச்சான்றிதழ். அதாவது, வெள்ளைக்காரச் சிறை அதிகாரியின் பதிவேடு. எவனை எதிர்த்துப் போனார்களோ, அவனே அவர்களின் தேசபக்திக்கு முதல் சாட்சி! பதிவேடு அழிந்திருந்தால், அழிந்துவிட்டது என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லை என்பதற்கான ஆவணம். அதன்மேல் உடன் சிறையிருந்தவர்களின் சான்று. உடன் இருந்தவர் செத்துப் போயிருந்தால் கிழவி யாரிடம் போவாள்?

தியாகி என்ற பிரிவும் விதிகளில் உண்டு, மறுக்கவில்லை. போராட்டத்தில் கொல்லப்பட்டவர், காவலில் இறந்தவர், தூக்கிலிடப்பட்டவர். இந்த மூன்றில் வாஞ்சி எதில் அடங்குவார்? அவரை எவரும் கொல்லவில்லை, அவர் ஒரு நாளும் சிறையிருக்கவில்லை, தூக்குமேடை ஏறவில்லை. பொன்னம்மாள் எந்தக் காலத்தில் எதைப் பெற்றார் என்பதன்று நம் கேள்வி. சிலையும் மண்டபமும் இரயில் நிலையத்தின் பெயரும் பெற்ற ஒருவரின் மனைவியை அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்பதே கேள்வி. பெரும்பெயர் பெற்றவருக்காவது எவரேனும் பரிந்து பேசி விதியை வளைப்பார்கள். ஆஷ் வழக்கின் கைது வேட்டையின்போது, பிடிபடுவதற்கு அஞ்சியோ காட்டிக்கொடுக்க அஞ்சியோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட தர்மராஜ ஐயர், வேங்கடேசுவர ஐயர் ஆகியோரின் வீட்டாருக்கு யார் விதியை வளைத்தார்கள்? வழக்கில் நின்றவர்கள் பதினால்வர். 1912-ல் சென்னை உயர்நீதிமன்றம் தண்டித்தவர்களுக்குச் சிறைக் கணக்கு உண்டு. நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழாண்டு. செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1908-ல் வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலி கொந்தளித்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அந்த நால்வரின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

செங்கோட்டைக்கென்று தனியாக ஒரு கூத்தும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. வாஞ்சி பார்த்தது திருவிதாங்கூர் வனத்துறை வேலை, புனலூரில். சுட்டது பிரிட்டிஷ் மாவட்டத்தில். வழக்கு நடந்தது சென்னையில். பழைய சமஸ்தான ஆவணங்களோ திருவனந்தபுரத்தில். மலைக்கு இந்தப் பக்கம் இருந்து கொண்டு ஒரு கைம்பெண் ஆவணம் தேட வேண்டுமானால் எந்த அரசாங்கத்தின் எந்த மேசைக்கு, எந்த மொழியில் மனு எழுதுவாள்?

இந்த வேடிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் படைவீரர்களுக்கும் அவர்தம் மனைவியருக்கும், வென்ற மைய அரசு நெடுங்காலம் ஓய்வூதியம் தரவில்லை. தென்மாநிலங்கள் தத்தம் கருவூலத்திலிருந்து கொடுத்தன. அதற்கு ஒரு கிழவி எழுதிக் கொடுக்க வேண்டியவை: கணவன் எந்தப் படைப்பிரிவு, எப்போது சேர்ந்தான், ஓடிப்போனானா இல்லையா, அவனோடு நின்று போரிட்டவர் எவர், உனக்குச் சொத்து எவ்வளவு, மறுமணம் செய்தாயா. தன் வறுமையையும் கணவனின் வீரத்தையும் தன் கற்பையும் ஒரே தாளில் அவள் மெய்ப்பிக்க வேண்டும். நம் மையத் திட்டத்தின் கைம்பெண்ணும் மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். கடல் கடந்தாலும் குமாஸ்தாவின் கேள்வி மாறுவதில்லை.

அந்தப் படைவீரர்கள் எதற்காகப் போரிட்டனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அடிமை முறையைக் காப்பதற்கான போர் அது. வாஞ்சியை அவர்களோடு நிறுத்துகிறோம் என்று எவரும் கொதிக்க வேண்டாம். நாம் நிறுத்துவது மனைவியரை. கணவனின் கொள்கையை எடை போட்டு மனைவியின் தட்டில் சோறு போடலாகாது என்பது நம் கட்சி. வாஞ்சி கடிதத்தின் சாதியக் குரலை நாமும் ஏற்கவில்லை. வகுப்பில் அதை மறைத்ததும் இல்லை. அதைக் காட்டி வாஞ்சியைத் தோலுரிக்கும் நண்பர்கள் பொன்னம்மாள் என்ற பெயரைக்கூட உச்சரிக்காமல் கட்டுரையை முடிப்பதுதான் நம்மை உறுத்துகிறது. வீரவணக்கக்காரர் அவரை மறந்தது அவர்கள் பழக்கம். பெண்ணியமும் விளிம்புநிலையும் நாள்தோறும் பேசுகிற நண்பர்கள் மறந்தது ஏன்? ஆண்கள் இருவர் இன்னோர் ஆணைப் பற்றி வழக்காடும் மன்றம் இது. சாட்சிக் கூண்டில் பெண்ணுக்கு இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்மாநிலக் கிழவிகளின் அந்த விண்ணப்பங்களை அவ்வரசுகள் ஆவணக் காப்பகங்களில் சேர்த்து வைத்தன. இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து, போர் முடிந்த பின் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று எழுதுகிறார்கள். அலபாமாவில் ஆல்பர்ட்டா மார்ட்டின் என்பவர், 1927-ல் தம் இருபத்தொன்றாம் வயதில் எண்பத்தொரு வயது முன்னாள் வீரரை மணந்தவர், 1996-ல் ஓய்வூதியம் பெற்றார். 2004-ல் இறந்தார். போர் முடிந்ததோ 1865-ல்! எதற்காகப் போரிட்டார்கள் என்பது வேறு. தாளைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது.

நம் நீதிமன்றங்கள் அரசைவிட இளகிய மனத்தோடு இருந்தன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காலதாமதத்தைக் காட்டித் தியாகியின் மனுவைத் தள்ளக்கூடாது என்று 1993-ல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றவழக்கில் கேட்பதுபோல் ஐயத்துக்கு இடமற்ற சான்று கேட்காதீர்கள், நிகழ்ந்திருக்கக்கூடியதா என்று பாருங்கள் என்று 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் சொன்னது. சொல்லி என்ன? ரங்கூன் சிறையில் இருந்த இந்திய தேசிய இராணுவ முதியவர் ஒருவர், 1980-ல் விண்ணப்பித்தவர், தொண்ணூற்றொன்பது வயதில் சென்னை உயர்நீதிமன்றப் படியேறி 2020-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள். மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளராக இருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர்! குண்டு மழையில் கால்நடையாக ஊர் திரும்பியவன் சான்றிதழைப் பத்திரப்படுத்தியிருப்பானா? அவன் செத்த பிறகு அவன் மனைவி எதைக் காட்டுவாள்?

அந்த மாணவியும் அவள் தோழியரும் எங்கள் துறை சார்பில் ஒரு மனு வரைந்திருக்கிறார்கள். நாம் சொற்களைச் சற்றே திருத்தினோம், அவ்வளவே. தள்ளுபடி செய்யப்பட்ட தியாகிகள் ஓய்வூதிய விண்ணப்பங்களை, குறிப்பாகக் கைம்பெண்கள் கொடுத்தவற்றை, அழிக்காமல் திரட்டி ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், ஆய்வாளர்க்குத் திறந்துவிட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. விண்ணப்பித்தவரின் வாரிசிடம் இனியும் சிறைச்சான்று கேளாமல் 2001 தீர்ப்பின் அளவுகோலை எழுத்து வடிவில் எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதாக அவர்கள் எழுதியிருந்தது வாஞ்சி நினைவிடத்தில் உதிரப்பட்டி பற்றி ஒரு பலகை வைக்க வேண்டும் என்று. இது அரசுக்குப் புரியுமா என்று கேட்டோம். "புரியலைன்னா கேக்கட்டும் சார், சொல்றோம்" என்றாள்.

மனுவைப் பெற வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதால் செங்கோட்டைக்காரர்கள் இப்போது அதற்குத் திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை. வரும் ஜூன் 17 அன்று, மாலை போட்ட கையோடு, அவர் அலுவலகத்துக்குப் போகிறோம்.